சொன்னது சொன்னபடி

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் விளக்கினான். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காப்பி போட்டான். பாதி குடித்தான், மீதியைத் தொட்டியில் ஊற்றினான். குளித்தான். கொடியில் கிடந்த சட்டையை உதறி, சுருக்கத்தோடு அப்படியே மாட்டிக்கொண்டான். தலையைக் கையால் கோதிவிட்டான். கைபேசி, சாவி, கைக்குட்டை எடுத்துக்கொண்டான். சட்டைப் பையில் ஒரு நீலச் சீப்பு. காஸ் மூடியிருந்தது. குழாய் மூடியிருந்தது. அலமாரி மேல் இருந்த தகர டப்பாவைத் துணிப்பையில் வைத்துக் கதவைப் பூட்டினான்.

இரண்டு மாடி இறங்கினான். நின்றான். திரும்ப ஏறினான். பூட்டைத் திறந்து உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. மூன்று வாரமாக அதை யாரும் தொடவில்லை. இருந்தாலும் பார்த்தான்.

கீழே வாடகைக் காரில் மாமியார் காத்திருந்தாள்.

“என்ன மாப்ள, வந்தீங்க, மறுபடி மேல போயிட்டீங்க? படிய எண்ணிட்டு வந்தீங்களா?”

“ஒண்ணுமில்ல அத்தை.”

“சட்டையப் பாரு, மாடு மென்னு துப்பின மாதிரி. ரெண்டாவது பட்டன் வேற தொங்குது.” முப்பது வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவள். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண் தையலைப் பார்த்துவிடும்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். வலது கால் தானாக ஆடியது. நிறுத்தினான். இடது கால் ஆட ஆரம்பித்தது.

“காலை ஆட்டாதீங்க மாப்ள. உள்ள அவ குலுங்குறா.”

டிரைவர் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று சாலைக்குத் திரும்பிக்கொண்டார்.

அவன் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளன். கூண்டில் நிற்கிறவர் வாயிலிருந்து வருவதை வந்த வேகத்தில் கோடும் கொக்கியுமாகப் பிடித்து வைப்பது வேலை. அந்த வேலைக்கு ஒரே ஒரு விதி: சொன்னது சொன்னபடி. இலக்கணம் பார்க்கக் கூடாது, அழகு பண்ணக் கூடாது. ஒருமுறை ஒரு சாட்சி வக்கீலைப் பார்த்து “போடா எருமை” என்றான். இவன் “போடா எருமை” என்றே எழுதினான். வக்கீல் அதை அடித்துவிடச் சொல்லிக் குதித்தார். நீதிபதியே சிரித்துவிட்டார். அந்தக் கதையை அவன் மனைவி போகிற வீட்டிலெல்லாம் நடித்துக் காட்டுவாள்.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. யார் பேசினாலும் அவன் வலது ஆள்காட்டி விரல் தொடை மேல் கோடு இழுக்கும். அவள் லபக்கென்று அந்த விரலைப் பிடித்துக்கொள்வாள். “சாட்சி சொல்லல, சண்டை போடுறேன். எழுதாதீங்க” என்பாள்.

இப்போது பிடிக்க ஆளில்லை. விரல் மூன்று வாரமாக ஒரே பேச்சை எழுதிக்கொண்டிருந்தது. பஸ்ஸில், குளியலறையில், தூக்கத்தில் தலையணை மேல் கூட.

காய்ச்சல் என்றுதான் சேர்த்தார்கள். அது நுரையீரலுக்கு இறங்கியது. நான்காம் நாள் காலை, ‘தேறிவிட்டாள், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம்’ என்றார்கள். அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மாமியார் கைபேசியில் கதறினாள்: “கடைசியா என்ன சொன்னா மாப்ள? எம்புள்ள என்ன சொன்னா?”

எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. கடல் படம். அவன் வாய், “கடல்ல கரைக்கச் சொன்னா” என்றது.

“உங்க கையப் பிடிச்சுக்கிட்டா சொன்னா?”

“ஆமா.”

அவ்வளவுதான். ஒரு வரி. ஆனால் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, பதறாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று தன் தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் கடைக்கு எதிரில் ஒரு ஏரி. சாம்பலை அதில் கரைத்தால் மெஷினில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அவள் ஆசை. அந்த ஆசையை அவளே விழுங்கிக்கொண்டாள். “அவ கடல்னு சொல்லிட்டா. அப்புறம் நான் யாரு குறுக்க பேச?” என்றாள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தரம் சொல்ல வாயெடுத்தான். இரண்டு தரமும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க பக்கத்துல இருந்தீங்க, அது போதும் எனக்கு” என்று வாயை அடைத்துவிட்டாள்.

படகுத்துறையில் படகுக்காரர் டீசல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பெரியம்மா, நடுவுல உக்காருங்க. கடலுக்கு வயசெல்லாம் தெரியாது, எல்லாரையும் ஒரே மாதிரிதான் தூக்கிப் போடும்.”

“நீ வாயை வச்சுக்கிட்டு ஓட்டுப்பா. பாதி ஆளு உன் பேச்சுலயே முங்கிருவாங்க.”

சொன்னாளே தவிர, படகு கிளம்பியதும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் கணுவெல்லாம் வெளுத்துப் போயிற்று. ஒவ்வொரு அலைக்கும் கண்ணை மூடினாள். அவன் உட்கார்ந்தான், எழுந்தான், இடம் மாறினான். படகு ஒருபக்கம் சாய்ந்தது.

“சார், நீங்க ஒரு இடத்துல உக்காந்தா நாம எல்லாரும் கரைக்குத் திரும்பலாம்” என்றார் படகுக்காரர்.

கொஞ்ச தூரம் போய் எஞ்சினை நிறுத்தினார். சட்டென்று வந்த அமைதியில், படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. மாமியார் கை நீட்டி டப்பாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். உள்ளே பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள்.

“சின்னதுல இவளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனா என் முந்தானைக்குள்ள பூந்துக்குவா மாப்ள. ஒரு நாளும் கால் நனைச்சதில்ல. பயமா இருக்காதுல்ல அவளுக்கு?”

அவன் கைக்குட்டையை எடுத்தான், மடித்தான், திரும்பப் பைக்குள் வைத்தான்.

“இன்னொரு தடவ சொல்லுங்க, அவ சொன்னபடியே. அதக் கேட்டுக்கிட்டே போட்டுர்றேன். இல்லாட்டி எனக்குக் கை வராது.”

அவன் வாயைத் திறந்தான். விரல் தொடை மேல் ஓட ஆரம்பித்திருந்தது. வாய் சொல்ல வேண்டியது ஒன்று, விரல் எழுதியது ஒன்று.

“மூடிய மூடுங்க அத்தை.”

“ஏன்?”

“கடல்னு அவ சொல்லல. நான்தான் சொன்னேன். நீங்க போன்ல அழுதீங்க. சுவத்துல ஒரு கடல் படம் இருந்துச்சு. சொல்லிட்டேன்.”

மாமியார் அவனையே பார்த்தாள்.

“கையப் பிடிச்சுக்கிட்டு...”

“பிடிக்கல. நான் பக்கத்துலயே இல்ல. வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப திரைய இழுத்து விட்டிருந்தாங்க.”

அவள் டப்பாவை மடியில் வைத்தாள். ஒரு கையால் மூடியை அழுத்தி மூடினாள். இன்னொரு கையால் அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். இன்னொன்று விட்டாள். மூன்றாவதற்குக் கை எழவில்லை.

“ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா” என்றாள். கல்யாணமானதிலிருந்து அவனை அவள் ‘டா’ போட்டதில்லை.

படகுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “இங்கயே போடுறீங்களா, இன்னும் கொஞ்சம் உள்ள போகணுமா?”

“திருப்புப்பா” என்றாள் மாமியார்.

“போடலையா?”

“போடல. இவளுக்குக் கடல்னா பயம்.”

“சரிதான்” என்று எஞ்சினைக் கிளப்பினார் அவர். “கொண்டு வந்தவங்கள எத்தனையோ பாத்திருக்கேன் பெரியம்மா. திரும்பக் கொண்டு போறது நீங்கதான் மொத ஆளு.”

கரை வரும்வரை அவள் டப்பாவை அவனிடம் தரவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். பலகையைப் பிடிக்கவே மறந்துவிட்டாள். துறையில் இறங்கிப் படியில் உட்கார்ந்தாள். அவன் நின்றான். நாலடி நடந்தான், திரும்பி வந்தான்.

“உக்காருங்க மாப்ள. தலை சுத்துது உங்களப் பாத்தா.”

உட்கார்ந்தான்.

“சாயங்காலத்துக்குள்ள ஏரிக்குப் போயிரலாம்ல?”

“போயிரலாம்.”

“அப்ப என்னதான் சொன்னா? வேலையில எழுதுற மாதிரி சொல்லுங்க. கூட்டாம, குறைக்காம.”

அவன் சட்டைப் பையிலிருந்து நீலச் சீப்பை எடுத்தான். பற்களில் இரண்டு மூன்று நீள முடிகள் சுற்றியிருந்தன. டப்பா மூடியின் மேல் அதை வைத்தான். எருமையை எருமை என்றே எழுதியவன், ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல், நீதிமன்றத்தில் வாசிப்பது போலச் சொன்னான்:

“இஸ்திரிப் பெட்டிய அணைச்சீங்களா இல்லையா? முழிக்கிற முழியப் பாத்தாலே தெரியுது, அணைக்கல. போய்ப் பாத்துட்டு வாங்க, போங்க. நின்னு நின்னு என் மூஞ்சியப் பாத்து என்ன ஆகப் போகுது? வரும்போது என் சீப்ப எடுத்துட்டு வாங்க. அந்த நீலச் சீப்பு.”