கல்லோடு வந்த வித்தவுட்

எட்மண்ட் அன்று சாயங்காலம் மறுபடியும் தெருக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நின்றிருக்க வேண்டும். சேலையூர்ப் பக்கம் வீடு திரும்புகிறவர்களின் சைக்கிள்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. குப்புராஜைக் காணோம். கூடத்தில் கடல்நீர்த் தொட்டிக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டாகிவிட்டது. டிகாக்‌ஷன் இறங்கி ஆறியும் போய்விட்டது. ரிட்டையரான காலத்தில் ஒரு விறகுக்கடை முதலாளிக்காக வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடக்கப்போகிறாய் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். இப்போது சிரிப்பு வரவில்லை. குப்புராஜ் வந்து ஒரு வாரமாகிவிட்டது.

பேச ஆளில்லாதவர்களில் சிலர் கிளி வளர்ப்பார்கள், சிலர் சர்ச் கமிட்டி எலெக்‌ஷனில் நிற்பார்கள். எட்மண்ட் கடலைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துக்கொண்டார். பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் வாழ்நாளெல்லாம் விலங்கியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற வருஷமே மனைவி சாராள் போய்ச் சேர்ந்தாள். மகன் பிலாயில் இரும்பாலையில். வீட்டில் சத்தம் என்று ஏதாவது இருந்ததென்றால் அது தொட்டிக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டாரின் சத்தம்தான். தொட்டிக்கு வாரா வாரம் கடல் தண்ணீர் மாற்ற வேண்டும். அதற்குத்தான் குப்புராஜ் வந்து சேர்ந்தார். பூர்வீக நிலத்தையெல்லாம் மனைக்கட்டாக விற்றுவிட்டு விறகுக்கடை வைத்தவர். அவருடைய லாரி கோவளம் பக்கத்திலிருந்து சவுக்கு ஏற்றி வரும்போது, ஓரமாக இரண்டு பீங்கான் ஜாடியில் கடல் தண்ணீரும் வரும்.

ஒருமுறை ஜாடியோடு ஒரு கல்லும் வந்தது. பொத்தலும் சிப்பியும் பாசியுமாக, தேங்காய் மூட்டை கனத்துக்கு இருந்தது. டிரைவர் அழகாக இருக்கிறதென்று கடலோரத்தில் எடுத்துப் போட்டானாம். கல்லைத் தொட்டியில் இறக்கிச் சில நாள் கழித்து, காலி ஜாடிகளை எடுக்க வந்த குப்புராஜ்தான் அதை முதலில் பார்த்தார்.

"சார்! உள்ள இன்னாவோ கீது சார்!"

பொத்தல் ஒன்றிலிருந்து விரல் தடிமனில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. விளக்கு வெளிச்சத்தில் ஊதாவாக மின்னியது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"பாரேன், டிக்கெட்டு வாங்காம கல்லுல ஏறி வந்துகீது. வித்தவுட்டு! இன்னா சார் அது? உனக்குத் தெரியுமா?"

எட்மண்டுக்குத் தெரியும். தலையிலிருந்த ஐந்து உணர்கொம்புகளையும் எண்ணியாகிவிட்டது. யூனிஸ் என்ற கடற்புழு. கரும்பலகையில் எத்தனை வருஷம் வரைந்திருப்பார்! பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் குப்புராஜ் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாராளுக்குப் பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"தெரியலையே," என்றார் எட்மண்ட். "இருந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்."

அதற்குப் பிறகு கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் குப்புராஜ் தினமும் வந்தார். ஒரு நாள் அது பூரான் என்றார். ஒரு நாள் விலாங்குக் குட்டி என்றார். கடையில் விறகு பிளக்கிறவர்களிடம் பந்தயம் கட்டினார். இறால் துண்டை நூலில் கட்டிப் பொத்தல் வாசலில் ஆட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வித்தவுட் வெளியே வர நேரமாகும். அதுவரை சும்மா இருக்க முடியுமா? விற்றுப்போன கழனியைப் பற்றி, அதிலிருந்த கிணற்றைத் தூர்த்த அன்று தனக்குச் சோறு இறங்காததைப் பற்றி அவர் சொல்வார். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் சாராள் தன்னை அடையாளம் தெரியாமல் 'டாக்டர்' என்று கூப்பிட்டதை எட்மண்ட் சொன்னார். பாஸ்டரிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. இதற்கிடையில் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. யார் வேலை என்று எட்மண்டுக்குத் தெரியும். கல்லை உடைத்தால் புழுவை எடுத்துவிடலாம். மீன் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

போன வாரம் ஜெயவேலு வந்தான். பழைய மாணவன், இப்போது அவனே கல்லூரி ஆசிரியன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருந்தான். குப்புராஜ் இறாலும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். வித்தவுட்டுக்கு அன்றைக்கென்று நல்ல பசி. பாதி உடம்பை வெளியே நீட்டியது. ஜெயவேலு குனிந்து பார்த்தான்.

"அட, யூனிஸ்! எவ்ளோ பெரிசு சார்! தலையில அஞ்சு கொம்பு இருந்தா கண்ணை மூடிக்கிட்டு யூனிஸ்னு எழுதுங்கடான்னு நீங்கதானே சார் சொல்வீங்க?"

குப்புராஜ் எட்மண்டைப் பார்த்தார். நூல் கையிலேயே இருந்தது.

"அப்ப உங்களுக்கு மொதல்லேர்ந்தே தெரியும்," என்றார். எத்தனையோ நாளாக 'நீ' என்று பழகிய வாயிலிருந்து 'உங்களுக்கு' என்று வந்தது எட்மண்டைச் சுருக்கென்று தைத்தது. "நான் பூரான்னேன், வெலாங்குன்னேன். கேக்க நல்லா தமாஷா இருந்திருக்கும், இல்ல சார்?"

நூலைச் சாஸரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனை வைத்துக்கொண்டு எட்மண்டால் எதையும் சொல்லவும் முடியவில்லை.

லாரி வந்துபோனது, ஜாடி வரவில்லை. தொட்டித் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. தண்ணீர் இல்லாவிட்டால் உப்பைக் கரைத்து ஏதாவது செய்து பார்க்கலாம். பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கு என்ன செய்வது? எட்மண்ட் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனைக்கு வந்த பிறகுதான் குப்புராஜின் வீடு எது என்றே தனக்குத் தெரியாதது உறைத்தது. மாதக்கணக்கில் தினமும் வந்த மனிதர். ஒரு நாள்கூட இவர் அவர் வீட்டுக்குப் போனதில்லை. வெட்கமாக இருந்தது. விறகுக்கடையில் விசாரித்துக்கொண்டு போனார்.

குப்புராஜின் மனைவி அங்காளம்மாள் கதவைத் திறந்து, "தொட்டி சாரா? வாங்க, வாங்க. தெனம் உங்க வூட்டுப் பேச்சாவே கெடக்கும். இப்பதான் ஒரு வாரமா வாயே தொறக்கல," என்றாள்.

குப்புராஜ் முற்றத்தில் நின்றார். "உக்காருங்க சார்."

எட்மண்ட் உட்காரவில்லை. வகுப்பில் அரைமணி நேரம் தடங்கலில்லாமல் பேசியவர், வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார்.

"உங்களைக் கேலி பண்ண இல்லே குப்புராஜ். அன்னிக்கே பேரைச் சொல்லியிருந்தா மறுநாள் நீங்க எதுக்கு வரப்போறீங்க? ஜாடியை எடுத்துக்கிட்டுப் போயிருப்பீங்க. எனக்கு... யாராவது வந்து உட்கார்ந்தா போதும்னு இருந்தது."

குப்புராஜ் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்காளம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குப்புராஜ் டம்ளரை எட்மண்ட் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்தப் பேரு இன்னா? இன்னொரு தபா சொல்லுங்க," என்றார்.

"யூனிஸ்."

"வித்தவுட்டே நல்லா கீது." அவர் சிரிக்கவில்லை. "லாரி போனா தண்ணி அனுப்பறேன் சார்."

வருகிறேன் என்று சொல்லவில்லை. எட்மண்டும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சர்ச்சிலிருந்து திரும்பியபோது கேட்டுக்குள் இரண்டு ஜாடிகள் இருந்தன. பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கல். தெருவில் யாரும் இல்லை. எட்மண்ட் மூச்சு வாங்க எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய், தண்ணீர் மாற்றி, புதுக் கல்லைப் பழைய கல்லிலிருந்து தள்ளி வைத்தார். பொழுது சாய்ந்ததும் இரண்டு நாற்காலியையும் எடுத்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தார்.

விளக்குப் போடும் நேரத்தில் புதுக் கல்லின் அடியிலிருந்து ஏதோ வந்தது. வெள்ளையாக, நாக்கு மாதிரி நீண்டது. நுனி இரண்டாகப் பிரிந்து மணலைத் தடவியது. தலையா, வாலா, காலா என்று சொல்ல முடியவில்லை. எட்மண்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். படித்தது, நடத்தியது, வரைந்தது எல்லாவற்றையும் மனதுக்குள் புரட்டினார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"குப்புராஜ், இதைப் பாருங்களேன்," என்று பக்கத்தில் திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது.

பிறகு எழுந்து போய்த் தெருக்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்தார். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. தொட்டிக்குள் அந்த வெள்ளை நாக்கு இன்னும் கொஞ்சம் நீண்டு, பழைய கல் இருக்கும் திசையில் மணலைத் தடவிக்கொண்டே போனது.