இரண்டு பெட்டிக்கு எட்டு எருதுகள்

எதெல்வினா நாவெல்கின் ஊர் மண்டபத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டவை கொம்புகள்தான். மேட்டுப் பாதையில் நான்கு ஜோடி எருதுகள் நுகத்தடியோடு ஏறி வந்தன. பின்னால் கயிறும் கட்டையுமாக நாற்பது பேர்.

கயிறு எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

அன்று அவளுடைய முதல் புத்தகம் வெளியாகும் நாள். சிப்பித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் ஓடு பிரித்துக்கொண்டே மனதுக்குள் எழுதிய கதைகள். எழுதியது ஸ்பானிய மொழியில். அவளுக்கு வேறு மொழி வராது. ஆனால் அட்டையில் 'ஓர் உயிச்சே பெண்ணின் கதைகள்' என்று போட்டிருந்தாள். ஸ்பானியக் கப்பல்கள் வருமுன்பே சிலோயே தீவில் இருந்த இனத்தின் பெயர் அது. அந்தத் தீவில் அதை யாரும் தன்மேல் போட்டுக்கொள்வதில்லை. கேட்டால், சிலோயேக்காரர்கள் என்பதோடு சரி. பள்ளியில் அந்த இனத்துக் குடும்பப் பெயரைக் கூப்பிட்டாலே வகுப்பு சிரித்த காலம் யாருக்கும் மறக்கவில்லை. செத்தவர்கள் பேரைச் சட்டையில் குத்திக்கொண்டு அலையாதே என்று பக்கத்து வீட்டு பெலார்மினோ கொலிவோரோ முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

யாருமே வராமல் போனால்? அந்தப் பயத்தில் இருபத்திரண்டு வீட்டுக்கும் ஆப்பிள் கள்ளோடு போய், ஞாயிற்றுக்கிழமை வந்து கை கொடுக்கணும் என்று கேட்டிருந்தாள். எல்லோரும் குடித்துவிட்டுச் சரி என்றார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. கள்ளோடு வாசலுக்கு வந்து கேட்டால் அது மிங்கா. மர வீட்டை அப்படியே இழுத்து இடம் மாற்ற ஊரே இறங்கும். கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு உண்டு.

"எந்த வீட்ட இழுக்கணும், புள்ள?" என்றார் பெலார்மினோ.

"வீடு இல்ல மாமா. புத்தகம். நான் படிப்பேன், நீங்க உக்காந்து கேக்கணும்."

அவர் எருதுகளைத் திரும்பிப் பார்த்தார். "இதுங்களுமா?"

பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிலர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் கரையிலிருந்து படகின் ஹாரன் விடாமல் அலறியது. ஓதம் இறங்கிக் கடல் வற்றியிருந்தது. புத்தகப் பெட்டிகளோடு வந்த படகு நானூறு மீட்டர் தள்ளிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

அதற்குமேல் யாரும் அவளைக் கேட்கவில்லை. மரச்சறுக்கு வண்டி சேற்றில் இறங்கியது. ஒரு ஆள் தோளில் தூக்கிவிடக்கூடிய இரண்டு பெட்டிகள், எட்டு எருதுகள், வீடு இழுக்கும்போது போடுகிற அதே கூச்சல்.

இழுத்தவர்களுக்குப் போட மண்டபத்தில் இருந்ததோ நாலு பாக்கெட் பிஸ்கட். எதெல்வினாவின் முகத்தைப் பார்த்துவிட்டு பெலார்மினோவின் மனைவி ஒத்திலியா பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

"கடல் வத்தினா மேசை விரிச்ச மாதிரி. இதுக்கா முழிக்கிற?"

பெண்கள் மட்டி தோண்டினார்கள். கரையில் வெட்டிய குழியில் நெருப்பில் கற்கள் காய்ந்தன. மேலே மட்டி, வீடுகளிலிருந்து வந்த உருளைக்கிழங்கு, இறைச்சி, மூடுவதற்கு அகன்ற இலைகள், புல்லோடு பெயர்த்த மண்கட்டி. வேக ஒரு மணி நேரம். மிங்காவில் சாப்பிடாமல் யாரும் போவதில்லை.

அந்த ஒரு மணி நேரம் போதும். அவள் பெட்டியை உடைத்துப் படிக்கத் தொடங்கினாள். நிலம் அளப்பவர்கள் வருவதற்கு முந்தின நாள், எல்லைக்கு வெளியே நின்ற வீட்டை ஊரே உள்ளே இழுத்துவந்த கதை. இழுத்தவர்களின் குடும்பப் பெயர்களை அவள் மாற்றவில்லை. சிகுவாய் என்றதும் ஒரு தலை நிமிர்ந்தது. ராயின் என்றதும் இன்னொன்று. கொலிவோரோ என்றபோது பெலார்மினோ கையை உயர்த்தினார்.

"நில்லு. யாரு அது?"

"உங்க தாத்தா. எங்கப்பா சொன்னாரு."

இனி அவர் எழுந்து போவார், பின்னால் எல்லோரும் போவார்கள் என்று அவள் நினைத்தாள்.

"முன்னால கட்டுனது கறுப்பு எருது ஜோடி," என்றார் அவர். "அத விட்டுட்ட. சரி, படி."

கதை முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. பெலார்மினோ ஒரு பிரதியை எடுத்து, அட்டையில் இருந்த அந்தச் சொல்லின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

"மிங்கான்னா திரும்பிச் செய்யணும், தெரியுமில்ல? நாங்க இழுத்தாச்சு. எங்கம்மா கதைய நீ எழுதணும். பேரோட. இந்தச் சொல்லும் இருக்கணும்."

"என்னுது முதல்ல," என்றாள் ஒத்திலியா.

எங்கள் வீட்டுக் கதை, எங்கள் வீட்டுக் கதை என்று ஆளுக்கு ஆள் முண்டினார்கள். எதெல்வினா பெட்டியின் மூடியைக் கிழித்துப் பெயர்களை எழுதினாள். குழியைத் திறப்பதற்குள் பதினேழு பெயர் ஆகியிருந்தது. இன்னும் வரிசை நின்றது.