முன்ஹாலில் நீந்தும் மீன்கள்

கற்பிட்டியில் மர்ளியா வளர்த்த டைகர் பார்ப் மீன்கள் ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு தொட்டியை விட்டு வெளியேறி, வீட்டு முன்ஹாலில் காற்றில் நீந்தத் தொடங்கின. அன்று கச்சான் காற்று பலமாக அடித்தது. மீன்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

வீடு மர்ளியாவுடையது. அவளுடைய வாப்பா இறால் வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டி, மகளின் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். கணவன் ஃபஸ்லான் வலை விற்பவன். மாதத்தில் பாதி நாள் சிலாபம் பக்கம் போய்விடுவான். பிள்ளையில்லாத வீட்டில் ஏதாவது அசைந்துகொண்டிருக்கட்டும் என்றுதான் அவள் மீன் வாங்கினாள். இந்த ஜாதியை நாலைந்தாக வளர்த்தால் ஒன்றையொன்று கடித்தே கொல்லும், கூட்டமாக விட்டால் தங்களுக்குள் துரத்திச் சண்டை பிடித்தபடி நன்றாக வாழும், நீளமாகத் தொங்கும் செட்டையைக் கண்டால் மட்டும் கடித்துக் கிழிக்காமல் விடாது என்று புத்தளத்துக் கடைக்காரர் சொல்லியனுப்பினார். தொட்டி கொள்ளுமளவு வாங்கினாள். மஞ்சளும் கறுப்புமாக ஒரு நொடி சும்மா நிற்காத அந்தக் கூட்டம், அவள் நடக்கும் பக்கமெல்லாம் கண்ணாடியோரம் திரும்பியது.

அந்த வெள்ளிக்கிழமை ஃபஸ்லான் ஆட்டோவில் ஓர் இளம் பெண்ணோடும் சூட்கேஸோடும் வந்து இறங்கினான். பெயர் சிபானா, சிலாபத்தில் நிக்காஹ் முடித்துவிட்டதாகவும் இனி அவளும் இங்கேதான் இருப்பாள் என்றும் கதிரையில் அமர்ந்தபடியே சொன்னான். தேநீரும் கேட்டான்.

"மார்க்கத்துல எடமிரிக்கி மர்ளியா."

"மார்க்கத்துல எடமிரிக்கட்டும். எண்ட ஊட்டுல எடமில்ல."

சிபானா வாசலிலேயே நின்றிருந்தாள். "ராத்தா, நீங்க ஆரு?" என்று கேட்டாள்.

"இவருட பொஞ்சாதி."

"மொதப் பொஞ்சாதி மவுத்தாப் போயிட்டாண்டுதானே எங்களுக்கிட்டச் சொன்னாரு!"

மர்ளியாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை சூடேறியது. இன்னொருத்தியைக் கட்டியதைக்கூட ஒருநாள் அவள் பொறுத்திருக்கலாம். அவள் சமைத்துப்போட்ட சோற்றைத் தின்றுகொண்டே அவளைச் செத்தவளாக்கிக் கபுறுக்குள் வைத்திருக்கிறான். "என்னை எதுல மவுத்தாக்கினீங்க? காய்ச்சல்லயா? கடல்லயா?" என்று அவள் கத்தியபோதுதான் மீன்கள் வெளியே வந்தன. சிபானாவின் முக்காட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய், ஃபஸ்லானின் சாரன் கரையைப் பிடித்தன. பிறகு சட்டைக் கையை. பிறகு தாடியை. அவன் எழுந்து ஓடினான். கூட்டம் கடைத்தெரு வழியாக அவனை இறங்குதுறை வரை துரத்தியது. உச்சமுனைத் தீவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த படகில் அவன் பாய்ந்து ஏறிய பிறகே மீன்கள் வீடு திரும்பின. மீன் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தார்கள்.

மறுநாள் மர்ளியா சிபானாவை பஸ்ஸில் கூட்டிப்போய் அவள் உம்மாவிடம் ஒப்படைத்தாள். விசாரிக்காமல் பிள்ளையைக் கொடுத்ததற்கு அந்த உம்மாவையும் வாய் வலிக்க ஏசிவிட்டு வந்தாள். ஃபஸ்லானுக்காகப் பரிந்து பேச மூன்று பெரியவர்கள் வந்தார்கள். "கொஞ்சம் ஸபூர் செய்ங்க மகள்" என்று பொறுமை சொன்னவருடைய சால்வையின் ஓரம் அந்த இடத்திலேயே நூல் நூலாகப் போனது. மற்ற இருவரும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். வருடம் முடிவதற்குள் காதியார் முன்னால் அவள் பிரிந்துகொண்டாள்.

கோபம் ஆறிவிட்டதா என்று இன்றைக்கும் யாராவது கேட்பதுண்டு. இல்லை என்கிறாள். மீன்கள் குஞ்சு பொரித்துக் குசினி வரை பரவிவிட்டன. காலியான தொட்டியில் அரிசி கொட்டி வைத்திருக்கிறாள். பின்னேரமானால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தீனியை ஒரு கை அள்ளிக் காற்றில் தூவுகிறாள்.