மூன்று லென்ஸ்களுக்கு ஓர் உடல்

1
இந்தக் கதையை ஒரு கடையில் திருடினேன். பழைய கேமராக்கள் விற்கும் கடை. நான் தோள்வார் வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஒரு கேமராவுக்குள் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தார். நான் கண்டது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2
முதல் தொடக்கம்: 'மூன்று லென்ஸ்களும் அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தன, காலத்தின்...'
(லென்ஸ் உறங்காது. அடித்துவிட்டேன்.)
இரண்டாவது: ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவிக்கு ஃபிலிம் கேமரா பாடி வாங்கப் போனார்.
இது போதும்.

3
மனைவி பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.* கல்யாணத்துக்கு முன்பே ஒவ்வொன்றாய்ச் சேர்த்த மூன்று லென்ஸ்கள் அவளிடம் உண்டு. மூன்றும் வளையத்தைக் கையால் திருப்பி ஃபோகஸ் செய்ய வேண்டியவை. அவற்றை மாட்ட இருந்த ஒரே கேமரா பாடி போன வருடம் உயிரை விட்டது. போன மாதம் அவளுக்குக் கண்புரை அறுவை. எல்லாம் சரி என்றார் டாக்டர். இனியும் தன் கண்ணை வைத்து ஃபோகஸ் செய்ய முடியுமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. லென்ஸ்களைத் தினமும் துடைத்தாள்.

*முதலில் அவளை ஓவிய ஆசிரியை ஆக்கினேன். எதைத் தொட்டாலும் அழகாகப் பேசினாள். வேலையை மாற்றிவிட்டேன்.

4
கடைக்காரர் இரண்டு பாடிகளை எடுத்து வைத்தார். அந்த லென்ஸ்கள் இரண்டிலும் பொருந்தும்.

"இத எடுங்க சார். ஃபோகஸ் சரியா வந்தா உள்ள பச்சை லைட் எரியும். கண்ண நம்பி இருக்க வேண்டாம்."

"இன்னொண்ணு?"

"அதுல லைட்டு கிட்டு கிடையாது. நடுவுல ஒரு வட்டம். அதுக்குள்ள படம் ரெண்டு துண்டாத் தெரியும். வளையத்தத் திருப்பி ஒட்ட வைக்கணும். பாக்குறவங்க பாடு."

மெக்கானிக் யோசித்தார். பச்சை விளக்கை வீட்டுக்குக் கொண்டுபோனால், உன் கண்ணை நானும் நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கடைக்காரர் ஒரு லென்ஸை மாட்டிக் கொடுத்த இரண்டாவது பாடிக்குள் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. சிரித்தார்.

"இதையே குடுங்க."

"வீட்ல அவங்களுக்கா? அவங்க லைட்டுதான் கேப்பாங்க."

"கேக்க மாட்டா. முப்பது வருஷமா எதையுமே வாய விட்டுக் கேட்டதில்ல. நானாத்தான் கண்டுபிடிக்கணும்."

5
வீட்டில் ஜன்னலோரம் அவள் லென்ஸை மாட்டினாள். கணவரை நோக்கிப் பிடித்தாள். வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பினாள். திரும்பவும் திருப்பினாள். கேமராவை மேசையில் வைத்தாள்.

"மங்கலா இருக்கு."

அவர் வாங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நல்லாத் தெரியுதே."

(இந்த வரியை நான்கு முறை அடித்தேன். பிரியமுள்ளவர்தான் இப்படி உளறுவார் என்பதால் விட்டுவைத்தேன்.)

"அப்ப என் கண்ணுதான்," என்றாள். "விடுங்க. திருப்பிக் குடுத்துருங்க."

6
அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அந்தப் பாடியை முன்பு வைத்திருந்தவர் கிட்டப்பார்வைக்காரர். கண் வைக்கும் இடத்தில் தன் பவருக்கு ஒரு சின்னக் கண்ணாடியைத் திருகியிருந்தார். மெக்கானிக்குக்கும் ஏறக்குறைய அதே பவர்; அவளுக்கு அல்ல.

சொல்லிவிடலாமா? ஒரு பிரதியில் கடைக்காரர் போன் செய்து சொன்னார். (எங்கிருந்தோ வந்து குதிக்கிறார்.) இன்னொன்றில் அவள் மூன்று லென்ஸ்களையும் துணியில் சுற்றி

மனம் வரவில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று செய்தேன். அவரை மூக்குக்கண்ணாடி போடவைத்தேன். மனைவியின் முகத்தைச் சரியாகப் பார்க்க அவருக்கு அது வேண்டும். பார்த்தார். அதைக் கழற்ற மறந்து, கேமராவை மறுபடி கண்ணில் வைத்தார்.

"ஏய், எனக்கும் மங்கலாத்தான் இருக்கு."

"சமாதானத்துக்குச் சொல்லாதீங்க."

"சமாதானத்துக்குச் சொல்ற ஆளா நான்? நீ முடி வெட்டிட்டு வந்தப்ப என்ன சொன்னேன்?"

"தொப்பி மாதிரி இருக்குன்னீங்க."

"அப்பறம்?"

சொல்லிக்கொண்டே, கழற்ற மறந்த மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்; பிறகு கேமராவில் கண் வைக்கும் இடத்தை நகத்தால் சுற்றித் தடவினார். விளிம்பில் மரை தட்டியது. திருகினார். சின்னக் கண்ணாடி உள்ளங்கையில் விழுந்தது.

7
அவள் பார்க்கிறாள். வட்டத்துக்குள் கணவர் இரண்டு துண்டு. மூக்குக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர். வளையம் மெல்லத் திரும்புகிறது.

"அசையாம நில்லுங்க."

"நின்னுட்டுத்தானே இருக்கேன்."

"சிரிக்கிறீங்க. வாய் தனியா ஓடுது."

"மூச்சு விடலாமா?"

"நான் சொல்றப்ப."

துண்டுகள் ஒட்டிவிட்டன என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். ஆனால் அது என் பச்சை விளக்காகிவிடும். அது வேண்டாமென்று அவர் கடையிலேயே முடிவு செய்துவிட்டார்.

வளையம் அவள் விரல்களில் இருக்கிறது. நீங்களும் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கள். அவர் இன்னும் மூச்சை விடவில்லை.