சட்டம் போட்ட ரத்தம்

கையிலிருந்து குழாயில் எடுத்த ரத்தம் இரண்டு தடவையும் ஆய்வுக்கூடம் போகும் வழியிலேயே கெட்டுப்போனதால்தான் தையல்காரி விரலை நீட்டச் சம்மதித்தாள். ஊசிக்குத்து அவள் விரலுக்குப் புதிதல்ல. போன பிள்ளை எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. காரணம் சிஃபிலிஸாக இருக்கலாம், ரத்தத்தில் தெரிந்துவிட்டால் ஊசி போட்டு இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இப்போது ஆறாம் மாதம் நடக்கிறது.

அன்று ஆஸ்பத்திரியில் புதிய முறைக்குத் தொடக்க விழா. விரலில் குத்தி, அட்டையிலுள்ள வட்டங்களில் சொட்டவிட்டு, காற்றில் உலர்த்தி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பெரிய டாக்டர் அதைப் பற்றி நெடுநேரம் பேசினார். நோயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் ரத்தசோகை என்றும் மீதிப் பேர் ரத்ததானம் என்றும் நினைத்துக்கொண்டார்கள். தானம் என்று நினைத்தவர்கள் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

முதல் ஆளாகத் தையல்காரியை மேடையேற்றிக் குத்தினார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்றதும் டாக்டர் அவள் விரலை மறுபடி பிழிந்தார். எலுமிச்சம்பழத்தைக்கூட யாரும் இப்படிப் பிழிய மாட்டார்கள் என்று துணைக்கு வந்த நாத்தனார் முணுமுணுத்தாள்.

முடிவு கேட்டுப் போனால் நாளைக்கு என்றார்கள். நாளைக்குப் போனால் ஆய்வுக்கூட வண்டி வரவில்லை என்றார்கள். அடுத்த வாரம் போனபோது நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய அட்டை சுவரில் தொங்கியது. டாக்டர் அதை லேமினேஷன் செய்து, சட்டம் போட்டு, 'வரலாற்றின் முதல் சொட்டு' என்று எழுதி மாட்டியிருந்தார். சூட்டில் ரத்தம் பிளாஸ்டிக்கோடு வெந்து ஒட்டிக்கிடந்தது.

"இது உங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமாம்மா?" என்றார் டாக்டர்.

"பெருமை சுவத்துலயே இருக்கட்டும் சார். என் ரத்தத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க."

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. மிச்ச அட்டைகளை விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் நினைவுக்கு ஆளுக்கொன்று கொண்டுபோய்விட்டார்கள்; இனி அடுத்த மாதம்தான். குழாய் முறையையோ அவர் மேடையிலேயே ஒழித்துவிட்டார்.

தையல்காரி டாக்டரின் சுழல் நாற்காலியில் போய் உட்கார்ந்து கையை மேசைமேல் நீட்டினாள்.

"சிஸ்டர், குழாயிலயே எடுங்க. எடுக்காம எந்திரிக்க மாட்டேன்."

நாத்தனார் கதவை மறித்து நின்றுகொண்டு, சார் வேண்டுமானால் அந்த ஸ்டூலில் உட்காரலாம் என்று நயமாகச் சொன்னாள். ஒழிக்கப்பட்ட குழாய் நர்ஸின் அலமாரியில் பத்திரமாகவே இருந்தது. நரம்பு முதல் குத்துக்கு நழுவி, இரண்டாவதற்கு மசிந்தது. ஆய்வுக்கூட வண்டி அடுத்த விழாவுக்கு நாற்காலி ஏற்றிப் போயிருந்ததால், தையல்காரியும் நாத்தனாரும் குழாயைக் குளிர்பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள்.

மாலைக்குள் தெரிந்துவிட்டது. இருக்கிறது.

தையல்காரி அழவில்லை. ஊசி எத்தனை என்று மட்டும் கேட்டாள். திரும்பி வந்ததும் நர்ஸ் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, வீட்டுக்காரரும் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்றாள்.

நாத்தனார் தம்பிக்குப் போன் போட்டாள். தன் உடம்பு இரும்பு, ஆம்பிளைக்கு எதற்குக் கர்ப்பிணி ஊசி என்று அவன் முழங்கியது வராந்தா வரை கேட்டது.

"டேய், வாய மூடிட்டு இப்பவே கிளம்பி வா. சட்டைக் கைய மடிச்சுக்கிட்டு வராத. இது அங்க போடற ஊசி இல்ல."