பேதிக்குக் குடித்த நாள்

இராசதுரைக்கு வெளிக்குப் போகாமல் நின்றுபோனதற்குச் சாம்பல்தீவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கந்தோரில் கதிரையை விட்டு எழும்புவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, கோதுமை மாப் புட்டைக் கண்டால் விடமாட்டார், வயதும் ஏறிவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் போன வருடமும் இதெல்லாம் உண்மையாகத்தானே இருந்தது. போன வருடம் மனுசன் காலைத் தேத்தண்ணீர் உள்ளே இறங்கிய கையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், முகம் வெளிச்சமாகத் திரும்பி வந்தவர்.

உண்மையான காரணம் கக்கூசுக்குள் இருந்தது.

சல்லி அம்மன் கோவில் பொங்கலுக்கென்று மனைவி புஷ்பவதி தமக்கை வீட்டுக்குப் போயிருந்த அன்று, அவளுடைய தம்பி நவம் வந்தான். இயக்கத்துக்குப் போனபிறகு அவன் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டியதில்லை. அன்று இன்னும் இருவருடன், பொலித்தீனால் சுற்றிய ஒரு நீளப் பெட்டியோடு வந்தான். வளவைச் சுற்றிப் பார்த்தான். கிணற்றடி வேண்டாம், வாழையடி வேண்டாம் என்றான். பின்வளவில் இருந்த கக்கூசுக்குள் போய்த் தளத்தைப் பெயர்த்து, பெட்டியை மண்ணுக்குள் இறக்கி, மேலே புதுச் சீமெந்து பூசினார்கள். எல்லாம் பொழுது மங்குவதற்குள் முடிந்துவிட்டது.

“என்ன தம்பி இது?” என்று கேட்டார் இராசதுரை.

“தெரியாம இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லம், அத்தான். அக்காவுக்கும் சொல்லிப்போடாதேங்கோ. கொஞ்ச நாளைக்குத்தான்.”

இல்லை என்று சொல்ல வாய் வராத பிறவி இராசதுரை. துறைமுகக் கந்தோரில் பெரியவர் நீட்டும் தாளிலெல்லாம் கையெழுத்து வைத்தே தலை நரைத்தவர். அன்றும் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் வயிற்றுக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது.

ஆமியிடம் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவரைக் கொண்டுபோவார்கள். புஷ்பவதியையும் கொண்டுபோவார்கள். வீட்டைக் கொளுத்துவார்கள். இதையெல்லாம் அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அது போதாதென்று இன்னொரு பயம். உள்ளே இருப்பது என்ன சாமான்? தானாக வெடிக்கிற சாதியோ? குந்தினால் கண் நேரே அந்தப் புதுச் சீமெந்தின் மேல்தான் விழும். பழைய தளம் கறுத்துப்போய்க் கிடக்க, நடுவில் அது மட்டும் வெளுத்து, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கிடந்தது. அதன்மேல் தண்ணீர் ஊற்றவும் பயந்தார். அங்கே குந்தியிருந்து முக்க யாரால் ஏலும்?

வெளியே போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கடற்கரைத் தாழம்பற்றைக்குள் ஒதுங்குவது முன்பு ஊர் வழக்கம். இப்போது அந்தப் பற்றைகளை வெட்டிச் சரித்துவிட்டு ஆமிக்காரர் காவலுக்குச் சென்றி போட்டிருந்தார்கள். விடியும் முன் அங்கே தலை தெரிந்தால் சுடுவான். விடிந்த பின் போனால் துவக்கோடு பார்த்துக்கொண்டு நிற்பான்.

புஷ்பவதி திரும்பி வந்ததும் சீமெந்தைக் கண்டுவிட்டாள்.

“ஆர் பூசினது?”

“வெடிச்சிருந்தது. நான்தான் பூசினனான்.”

சுவரில் ஓர் ஆணி அடிக்கத் தெரியாத புருசன் தளம் பூசியிருக்கிறார் என்று அவளுக்கு ஒரே பெருமை. அயல் பெண்களிடமெல்லாம் சொன்னாள். இராசதுரை உண்மையைச் சொன்னால் அவளுடைய முகம் எதையும் மறைக்காது. சோதனைக்கு வருகிறவன் அவளைப் பார்த்தாலே போதும். அதனால் வாயை மூடிக்கொண்டார். வாயோடு மற்றதும் மூடிக்கொண்டது.

அவள் வைத்தியம் தொடங்கினாள். இங்கிலீசு மருந்து கூடாது, குளிசைக்குப் பழகினால் பிறகு அது இல்லாமல் குடல் அசையாது என்பது அவளுடைய கட்சி. விடிய வெறும் வயிற்றில் சுடுதண்ணீர் கொடுத்தாள். பப்பாசிப்பழம் வெட்டி வைத்தாள். மத்தியானம் முருங்கையிலை, பொன்னாங்காணி, வாழைப்பூ என்று சோறு தெரியாத அளவுக்கு இலைகுழையாகப் போட்டாள். முந்திரிகை வத்தலை ஊறவைத்துப் பிழிந்து கொடுத்தாள். கடுக்காயை இடித்து, படுக்கைக்குப் போகும்போது வெந்நீரில் கலக்கி, குடித்து முடியும் வரை பக்கத்திலேயே நின்றாள். தொப்புளைச் சுற்றி நல்லெண்ணெய் பூசி வயிற்றை நீவிவிட்டாள். நீவும்போது கை கல்லில் படுவது போல இருந்தது அவளுக்கு.

“என்னப்பா, உள்ளுக்கு அம்மியையே விழுங்கி வைச்சிருக்கிறீங்கள்?” என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியோடு போவார், கொஞ்ச நேரம் இருப்பார், வேர்த்து விறுவிறுத்து வாளியில் முக்கால்வாசித் தண்ணீரோடு வருவார். அவள் வாளியைத்தான் முதலில் பார்ப்பாள்.

கந்தோரில் அடுத்த கதிரைக்காரர் கிண்ணியா அபூதாஹிர். இருபது வருடச் சினேகிதம். முகத்தைப் பார்த்தே விசயத்தை ஊகித்துவிட்டார்.

“மச்சான், மொகம் மஞ்சளாப் போய் இரிக்கி. போகல்லயா?”

“போகேல்லை.”

“அத்திப்பழம் தாறன், ராவைக்கு ஊறப்போட்டுக் காலையில தின்னுங்க. மத்தது, சுபஹுத் தொழுகைக்குப் பொறகு நான் நடக்கிற மாதிரி நீங்களும் விடிய நடக்கோணும். நடந்தாத்தான் குடல் இளகும்.”

“எங்கை நடக்கிறது, மஜீதின்ரை கடையடிச் சென்றி மட்டுமோ?” என்று கேட்டார் இராசதுரை. சோதனைச் சாவடிக்கு எதிரே மஜீதின் தேத்தண்ணீர்க் கடை இருந்தது. அதற்கு அப்பால் காலாற நடந்த மனுசர் எவரும் அந்த நாள்களில் இல்லை.

அபூதாஹிர் குரலைத் தாழ்த்தினார். “மனசுக்குள்ள என்னமும் கெடந்தாலும் இப்பிடித்தான் கட்டிக்கொள்ளும். இரிந்தாச் சொல்லிப்போடுங்க.”

இராசதுரை வாயைத் திறந்தார். அந்தப் பக்கமாகப் பெரியவர் வந்தார். மூடிக்கொண்டார்.

மாதம் ஒன்று கடந்தது. ஏதோ ஆட்டுப் புழுக்கை போலக் கொஞ்சம் வரும், பிறகு நின்றுவிடும். சாப்பாடு வெறுத்தது, தலை சுற்றியது. சாவடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிற்கும்போது வயிறு இழுத்துப் பிடித்து வேர்த்துக் கொட்டும். ஏன் வேர்க்கிறது, என்ன கொண்டுபோகிறாய் என்று ஒருநாள் மறித்து, சாப்பாட்டுப் பெட்டியின் சோற்றைக் கிளறிப் பார்த்தார்கள். உள்ளே முருங்கையிலைதான் இருந்தது.

அன்று புஷ்பவதி முடிவு கட்டிவிட்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை பேதிக்குக் குடியுங்கோ. இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

பேதிக்குக் குடிப்பதென்பது அந்த ஊரில் சும்மா காரியமில்லை. வீட்டை விட்டு இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, படுக்கக் கூடாது, மத்தியானம் குழைசோறும் ரசமும் மட்டும். முதல் நாளே அயலுக்குச் சொல்லிவைப்பார்கள், யாரும் அழைக்க வராமல் இருப்பதற்கு. புஷ்பவதி ஆமணக்கெண்ணெயைச் சூடுகாட்டி, இஞ்சி போட்ட கோப்பியில் ஊற்றிக் கொடுத்தாள். இராசதுரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். தேசிக்காய்ப் பாதியைச் சூப்பிக்கொண்டு முன் விறாந்தைக் கதிரையில் இருந்தார். எண்ணெய் வழிந்த போத்தல் பக்கத்தில் நின்றது.

வயிறு அசையவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய நேரம் நாய்கள் ஒன்றாகக் குலைத்தன. பிறகு ஒன்றாக அடங்கின. அடங்கியதுதான் அவரைக் கலக்கியது. வேலிக்கு மேலால் பார்த்தார். ஒழுங்கை முழுக்கப் பச்சை உடுப்பு.

சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிக்கூட வளவுக்குப் போகவேண்டும் என்று கத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டுக்குள் நான்கு பேர் நுழைந்தார்கள். ஒருவன் அலுமாரியைக் கொட்டினான். ஒருவன் குசினிக்குள் அரிசிப் பானையைக் கவிழ்த்தான். கோப்ரல் ஒருவன் பின்வளவில் நின்றான். அவன் கையில் நீளமான இரும்புக் கம்பி இருந்தது. புது மண் தெரிகிற இடமெல்லாம் அதைக் குத்திப் பார்த்தான். வாழையடியில் குத்தினான். கிணற்றடியில் குத்தினான். குப்பைக் கிடங்கில் குத்தினான். பிறகு நிமிர்ந்து கக்கூசைப் பார்த்தான்.

இராசதுரைக்கு உலகம் அவ்வளவுதான். இனி அவன் கதவைத் திறப்பான். வெளுத்த சீமெந்தைப் பார்ப்பான். ‘இது ஆர் பூசினது’ என்று கேட்பான். புஷ்பவதி ஓடிவந்து, என்ரை அவர்தான் பூசினவர் என்று பெருமையோடு சொல்லுவாள்.

அந்த நினைப்பு வந்த கணத்தில் ஒரு மாதமாகக் கல்லாய்க் கிடந்தது கழன்றது. அடிவயிற்றில் இடி முழங்கியது போலச் சத்தம். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துவக்குகளுக்கு நடுவால், கோப்ரலை இடித்துத் தள்ளாத குறையாக ஓடிக் கக்கூசுக்குள் புகுந்து கதவைச் சாத்தினார்.

வெளியே துவக்கு லோட் பண்ணும் சத்தம் கேட்டது. “எலியட்ட வறேங்!” என்று கத்தினார்கள். வெளியே வரச் சொல்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியது. அவருக்கு மட்டுமில்லை, வயிற்றுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அது பதில் சொல்லத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை எழுத்தில் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒழுங்கை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

புஷ்பவதி அழுதுகொண்டு போத்தலைக் கொண்டுவந்து காட்டினாள். கோப்ரல் வாங்கி மணந்து பார்த்தான். அவனுடைய முகம் சுருங்கி, சட்டென்று பள்ளிக்கூடப் பெடியனின் முகம் போல ஆகிவிட்டது.

“எண்டரு தெல்,” என்றான். ஆமணக்கெண்ணெய்க்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அவனுடைய தாயும் மூக்கைப் பிடித்து ஊற்றியிருப்பாள் போலும். மற்றவர்களுக்கு ஏதோ சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே இராசதுரை புதுச் சீமெந்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, கண்ணீர் வடிய இருந்தார். கதவைத் தட்டினார்கள், முழக்கம் வந்தது. திரும்பத் தட்டினார்கள், திரும்ப வந்தது. நாற்றமும் வரத் தொடங்கியதும் கோப்ரல் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பியைத் தோளில் வைத்தான். போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் பின்னேரம் திரும்பி வந்தார்கள். மூலை வீட்டு ஞானசேகரம் மட்டும் வரவில்லை. ஆள் காட்ட ஆமி கொண்டுவந்த முகமூடிக்காரன் ஒருவன் அவரைப் பார்த்துத் தலையாட்டினானாம்.

ஞானசேகரத்தின் வீட்டு அழுகை கேட்டுக்கொண்டிருக்க, இராசதுரை குழைசோறு சாப்பிட்டார். பசித்தது. பசித்ததற்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் உடம்பு பஞ்சாகிவிட்டது; பயம் அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விட்டது போல ஒரு துணிவு வந்திருந்தது. நவம் வந்தால் முகத்துக்கு நேரே சொல்லுவேன், இப்பவே கிளப்பிக்கொண்டு போ என்பேன், இந்த முறை தலையாட்டமாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டார். அந்தக் கிழமை முழுக்க நேரம் தவறாமல் போனார். வெறும் வாளியோடு திரும்பினார். புஷ்பவதி ஆமணக்கெண்ணெயின் புகழ் பாடினாள்.

கதை ஊரெல்லாம் பரவியது. இராசதுரை ஆமியைக் கக்கூசுக்குள் இருந்தே விரட்டினார் என்று மஜீதின் தேத்தண்ணீர்க் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்க வேறு எதுவும் இல்லாத காலம். சாவடியில் அந்தக் கோப்ரல் அவரைக் கண்டால் வயிற்றைத் தடவிக் காட்டி, சோதிக்காமலே விட்டான்.

வியாழக்கிழமை பின்னேரம் நவம் வந்தான். மீன் பையோடு, சைக்கிளில், யாரும் திரும்பிப் பார்க்காத ஆளாக வந்தான். புஷ்பவதி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

இராசதுரை கதிரையை விட்டு எழும்பினார். “தம்பி, நான் உன்னட்டை ஒண்டு சொல்ல வேணும்.”

“நீங்கள் சொல்லத் தேவையில்லை அத்தான், எல்லாம் கேள்விப்பட்டனான்.” நவம் சிரித்தான். சின்ன வயதிலிருந்தே நல்ல சிரிப்பு அவனுக்கு. “எங்கடை பெரியாக்களுக்கும் சொன்னனான். அவைக்கு நல்ல சந்தோசம். ஊரெல்லாம் கம்பியால குத்தினவங்கள் உங்கடை கக்கூசை மட்டும் தொடேல்லை. இனியும் தொடமாட்டாங்கள். இதைவிடப் பத்திரமான இடம் இந்தப் பக்கத்திலை இல்லையாம்.”

“இல்லைத் தம்பி, நான் சொல்ல வந்தது…”

“நாளைக்கு இன்னும் ரெண்டு பெட்டி வருது. இது கொஞ்சம் பாரம் கூட. கவனமாப் பூசுவம்.” அவன் இராசதுரையின் தோளில் கை வைத்தான். “ஆமி வந்தா நீங்கள் உள்ளுக்குப் போய் இருந்தாக் காணும். அவங்களுக்கு உங்களைத் தெரியும்தானே.”

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. புஷ்பவதி வாசற்படியில் நின்றாள். தம்பியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். ஒரு மாதத்துக் கல்வயிறு அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது.

“கொண்டுபோடா,” என்றாள் நவத்திடம். “உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், எல்லாத்தையும் கொண்டுபோ.”

“ஏலாது, அக்கா,” என்றான் அவன், அதே சிரிப்போடு. மீன் பையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. படியில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடிய, தேத்தண்ணீர் குடித்த கையோடு, வழக்கம்போலப் புஷ்பவதிதான் முதலில் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். கதவைத் திறந்தாள். தளத்தைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள். நெடுநேரம் கழித்து, துளியும் குறையாத தண்ணீரோடு திரும்பி வந்தாள்.

“எனக்கு வரேல்லை,” என்றாள்.