மூன்றாவது பட்டை

ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்று ஒன்று கிடையாது. துபாயே பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நாளில் என் கணவர் சேதுமாதவன் அல் கூஸில் ஒரு கிடங்கின் பாதியை வாடகைக்குப் பிடித்து விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை விமானம் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த தகடுகளை ரிவிட் அடித்துச் சேர்க்க வேண்டும். வாரம் முழுக்க ஷார்ஜா பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை நானும் போய்த் தகடு பிடிப்பேன். போகாவிட்டால் அவரைக் கண்ணால் பார்க்க முடியாது.

இரண்டாயிரத்து ஒன்பது பிப்ரவரியில் அவருடைய கம்பெனி அவரை வேண்டாம் என்றது. அந்த வருடம் அது ஒரு செய்தியே இல்லை. எங்கள் கட்டடத்தில் மட்டும் நான்கு வீடு காலி. விசாவை ரத்து செய்து முப்பது நாள் கொடுத்தார்கள். மஸ்கட்காரர் ஒருவர் விமானத்தை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. கடைசிச் சனிக்கிழமை லாரி வரும். மறுநாள் எங்களுக்குச் சென்னைக்கு டிக்கெட்.

அதற்குள் ஒரே ஒரு தடவை தான் கட்டிய விமானத்தில் தானே பறக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. லைசென்ஸ் எல்லாம் வைத்திருந்தார். எனக்கோ அவர் பறக்காமலே ஊர் போய்ச் சேர வேண்டும். வேலை போன மனிதரை, தூக்கமில்லாத கண்ணோடு, தான் முடுக்கிய திருகுகளை நம்பி வானத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பயம்தான். வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை.

பறக்க விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது வால் சக்கரம். இந்த மாதிரி விமானத்துக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் சின்னதாக ஒன்று. பெட்டிகளோடு வந்த சக்கரம் கெட்டி ரப்பர், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உம் அல் குவைன் பக்கம் நாங்கள் கொண்டுபோய் நிறுத்திய ஓடுதளத்தில் மணல் ஏறிக் கிடக்கும். அதில் சக்கரம் புதைந்து உழுதது. மாற்றியே ஆக வேண்டும் என்றார். வேலை போவதற்கு முன்பே ஒரு மாதம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்களோடு வால் சக்கரமும் உட்கார்ந்தது. கெட்டி ரப்பரிலேயே பெரிதா, காற்றடைத்ததா? முழு வட்டமாகத் திரும்புவதா, நேராகப் பூட்டிக்கொள்வதா? கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

கடைசியில் காற்றடைத்த, பூட்டுள்ள சக்கரத்தை வரவழைத்தார். நல்ல சக்கரம்தான். ஆனால் எடை கூடுதல். ஊருக்குப் போகும்போது பெட்டி முப்பது கிலோவைத் தாண்டாமல் இருக்கத் தொங்கவிட்டுப் பார்க்கிற தராசு எல்லோர் வீட்டிலும் உண்டல்லவா, எங்கள் தராசில் ஐந்து வருடமாக விமானத்தின் ஒவ்வொரு உறுப்பும் தொங்கியிருக்கிறது. பழையதைவிடப் புதியது எண்ணூறு கிராம் அதிகம். அவருக்குச் சோறு இறங்கவில்லை. லாரிக்கு அடியில் இருக்குமே, அதே போல வால் சக்கரத்தையும் மூன்று ஸ்பிரிங் பட்டைகள் தாங்கும். அதில் ஒன்றைக் கழற்றிவிட்டார். எடை பழையபடி ஆகிவிட்டது என்று அன்று பாயசம் வைக்கச் சொன்னார்.

அதன் பிறகு தரையில் ஓட்டிப் பார்த்தால், வேகம் எடுத்ததும் வால் உதறியது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் பைத்தியம் பிடித்து ஆடுமே, அப்படி. சோதனை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய கேப்டன், தென்னாப்பிரிக்காக்காரர், ஆட்டம் நிற்காமல் பறக்க விடமாட்டேன் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

கடைசிக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் அதே உதறல்தான். இவர் கேப்டனோடு ஓடுதளத்து ஆபீசுக்குப் போனார். விமானம் நிற்கும் கொட்டகையில் நானும் கார்மேகமும் மட்டும் நின்றோம். கார்மேகம் அல் கூஸில் வெல்டர், முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன். முதல் வருடத்திலிருந்து லீவு நாளில் வந்து ஒத்தாசை செய்கிறவன். எனக்குக் கால் கடுத்தது. அங்கே நாற்காலி கிடையாது. விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"அக்கா, அப்புடியே இருங்க, எந்திரிச்சிராதீக" என்றான் வாலுக்கு அடியிலிருந்து. "இப்ப எறங்குங்க. மறுக்கா ஏறுங்க."

ஏறி இறங்கினேன்.

"நீங்க எறங்குனா சக்கரம் திரும்புற முளை நேரா நிக்கிது. ஏறுனா முன்னாடி சாயிது, அதான் உதறுது. சார் ஆளில்லாம வச்சுல்ல அளந்திருக்காரு. ரெண்டு பட்டை தாங்கலக்கா. கழட்டுனத மாட்டுனா அம்புட்டுத்தான், ஒரு மணி நேர வேலை."

வெளியே அவனைக் கூட்டிப்போக வந்த பிக்கப் ஹார்ன் அடித்தது. மதியத்துக்கு மேல் அவனுக்கு ஓவர்டைம்.

"நீ கிளம்புப்பா, சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லவில்லை. ஞாயிறு அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும்போதும் சொல்லவில்லை. அவர் தினமும் புத்தகங்களைப் புரட்டினார். சக்கரத்தில் காற்றைக் குறைத்தார், கூட்டினார். புதன்கிழமை, "ஒருவேளை சக்கரமே தப்பான சக்கரமோ வசந்தா?" என்று கேட்டார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இருக்கும்" என்றேன்.

கடைசி வெள்ளிக்கிழமை விடியும்போதே போய்விட்டோம். காற்று அசையவில்லை. ஓடுதளம் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. கார்மேகம் பிக்கப்பிலிருந்து குதித்து நேராக வாலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"என்னா சார், பட்டைய இன்னும் போடலையா?"

"எந்தப் பட்டை?"

கார்மேகம் என்னைப் பார்த்தான். "அக்கா சொல்லலையா?"

"மறந்துட்டேன்" என்றேன். நாற்பது பிள்ளைகளின் மார்க்கையும் மனப்பாடமாகச் சொல்கிறவள் நான். அவருக்கு அது தெரியும். கார் சாவியை எடுத்தார். கழற்றிய பட்டை அல் கூஸ் கிடங்கில் கிடந்தது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, காற்று வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வாரம் மறைத்துவிட்டு, வெட்கமில்லாமல், அன்றைக்குப் போய்.

மாட்டி முடிக்கும்போது பத்தரை. கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை பக்கவாட்டில் விறைத்து நின்றது. கேப்டன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தரையில் ஓட்டிப் பார்க்கலாம், முதல் தடவை பறப்பதற்கு இது காற்றில்லை என்றார். சாயங்காலமும் அடங்காது, இன்னும் இரண்டு நாளைக்கு இப்படித்தான் என்றார். இவர் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஏறு வசந்தா. ரெண்டு பேர் வெயிட்ல பாக்கணும்."

ஏறினேன். ஓடினோம். வேகம் கூடக் கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு உதறலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கோடு போட்ட மாதிரி ஓடியது. ஓடுதளத்தின் கடைசியில் திருப்பி நிறுத்தி இன்ஜினை அணைத்தார். மணல் தகட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போன வாரமே தெரியுமா?"

"தெரியும்."

"பயமா இருந்தா நேரா சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

"விட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எதிரே இருந்த வேகமானியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். அது உண்மை. முன்பு இருந்த அஜ்மான் வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, அந்த வாரமே வீடு மாற்றிய மனிதர். ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார். சென்னையில் ஒரு ஃப்ளாட்டில், வேலையில்லாமல், என் எதிரே உட்கார்ந்து காபி குடித்திருப்பார். அவரைத் தடுத்தவள் என்ற பெயரோடு நான் தினமும் அந்தக் காபியைப் போட வேண்டியிருந்திருக்கும்.

"அதனாலதான் சொல்லல" என்றேன். "நீங்க விட்டுருவீங்க."

அவர் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப வேண்டாம்னு சக்கரம் சொல்லட்டும்னு இருந்துட்டே."

"ஆமா."

எனக்கு அழுகை வந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. என் பெல்ட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இன்ஜினைப் போட்டார். நடக்கிற வேகத்தில் கொட்டகைக்குத் திரும்பினோம்.